பேனாவை மூடி வைத்த கூட்டம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதித் தருகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் முகத்தைப் பார்த்து நீளமாகப் பேச எனக்கு வராது. இந்த வீட்டுக்கு வந்துபோன எல்லாருக்கும் அது தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மிச்சத்தை எல்லாம் இந்தக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி எழுதித்தான் கற்றேன். அடுத்த மாதம் அந்தப் புத்தகம் உங்கள் கைக்கு வருகிறது. சாவி, பதிவேடு, கட்டில் விரிப்பு இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். புத்தகம் அப்படிப் பழகாது. மற்ற விஷயங்களில் தயங்குகிறவன் நான், இந்த ஒன்றில் தயங்காமல் சொல்வேன்.

டிக்கோயாவில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இந்த வீடு எதற்காக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அக்கரப்பத்தனை, ராகலை மாதிரித் தொலைதூரத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் பெண்ணுக்கு வலி கண்ட பிறகு பஸ்ஸுக்கு நின்றால் பிள்ளை வழியிலேயே பிறந்துவிடும். சில சமயம் வழியிலேயே இறந்தும்விடும். அதனால் மாதம் நிறைகிற பெண்கள் முன்கூட்டியே வந்து இங்கே தங்கி, வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிறார்கள். ஆறு கட்டில். இதை ஆரம்பித்தவர்கள் ஓர் இங்கிலாந்துத் தம்பதி. குவேக்கர்கள் என்று சொல்லப்படும் நண்பர்கள் சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் யாருக்கும் வேதம் சொல்லவில்லை. ஊர் திரும்பும்போது தங்கள் சபையில் கூட்டம் நடத்தும் முறையை மட்டும் எங்களிடம் விட்டுப் போனார்கள்.

அந்த முறையைத்தான் இன்றும் பார்க்கிறீர்கள். கூட்டம் மௌனத்தில் தொடங்கும், மௌனத்தில் முடியும். கை தூக்கி எண்ணுவது கிடையாது. ஒரு யோசனை வந்தால் எல்லார் மனமும் ஒரு பக்கம் சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். சேர்ந்ததும் அந்த இடத்திலேயே எழுதி, அப்போதே வாசித்து, அப்போதே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு கூட்டத்தைத் தவிர வேறு யாரும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

நல்ல முறை. அதை வைத்துக்கொண்டு நான் செய்த தவறைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் நடுவில், தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, தோட்டக் குடும்பங்களை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். தம்பதி போய்விட்டார்கள். நான் வீட்டுப் பொறுப்பாளன், கூட்டத்தில் குறிப்பு எழுதுகிறவனும் நானே. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் கூட்டத்தை நடத்துவார், அவரை ஐயா என்போம். ஓய்வுபெற்ற சிங்கள மருத்துவிச்சி ஒருவர் இருந்தார், எங்களுக்கு நோனா. ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர். பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்துகொண்டு கொழுந்து பறித்த செபமாலை அக்கா. என்னோடு சேர்த்து ஐந்து பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியத்துக்கு மேல், முன் அறையில் கூடுவோம்.

அந்த வருஷம் வீட்டில் நெரிசல். ஒரு பெண்ணோடு மாமியார், நாத்தனார், அவர்கள் பிள்ளைகள் என்று வந்துவிடுவார்கள். தேர்த் திருவிழாவுக்கு ஹட்டனுக்கு வந்த இரண்டு குடும்பம், "வயித்துப் புள்ளக்காரிங்க" என்று சொல்லித் தங்கிப் போனது. நிஜமாகவே நாள் நெருங்கிய ஒரு பெண் விறாந்தையில் பாய் விரித்துப் படுக்க வேண்டி வந்தது. ஐயாவுக்குக் கோபம். "ஒழுங்கு வேணும்" என்றார். இனி தோட்டத்து டாக்டரையாவிடம், அதாவது தோட்ட மருந்துச்சாலையைப் பார்க்கிறவரிடம், கடிதம் வாங்கி வருகிறவர்களை மட்டுமே சேர்ப்பது என்பது அவர் யோசனை.

எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்தது. ஏன் என்று மறைக்காமல் சொல்கிறேன். வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் "இடமில்லை" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. நாலு கேள்வி கேட்பதற்குள் எனக்கே வேர்த்துவிடும். இனி அந்தத் தொல்லை இல்லை. "துண்டு இருக்கா?" என்ற இரண்டு வார்த்தை போதும். எங்கள் பக்கம் எந்தக் கடிதத்தையும் சீட்டையும் துண்டு என்றுதான் சொல்வோம். மிச்சத்தை அந்தத் துண்டு பேசிக்கொள்ளும். நான் பேச வேண்டாம்.

ஐயா சொல்லி முடித்தார். நாங்கள் மௌனமாக இருந்தோம். நோனா கண்ணை மூடியிருந்தார். முதலாளி தலையாட்டினார். செபமாலை அக்கா கொழுந்துக் கறை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எதிர்க்கவில்லை. நான் எழுதினேன்: "தோட்ட மருத்துவரின் கடிதம் இல்லாத எவரையும் வீட்டில் சேர்ப்பதில்லை என்று கூட்டம் ஒருமனப்பட்டது." வாசித்தேன். மறுபடியும் மௌனம். எவ்வளவு அழகாக ஒருமனப்பட்டோம் என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம். நல்ல மழை. நனைந்த துணிமூட்டையோடு ஒருவன் படியில் நின்றான். அவனுக்குப் பின்னால் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வாயும் வயிறுமாக ஒரு பெண். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டம். பேர் பாக்கியம். போன பிள்ளை வழியிலேயே இறந்து பிறந்ததாகவும், இந்தத் தடவை முன்னாடியே வந்துவிட்டதாகவும் புருஷன் சொன்னான்.

"துண்டு இருக்கா?" என்றேன்.

"இல்லீங்க. டாக்டரையா தரமாட்டேன்னுட்டாருங்க."

"ஏன்?"

"எங்களுக்கு இந்தியாவுக்குப் பாஸ்போர்ட்டு வந்துருச்சுங்க. தோட்டத்துல பேர வெட்டிட்டாங்க. 'நீ இப்ப என் தோட்டத்து ஆளே இல்ல, நான் எப்புடி எழுதிக் குடுக்குறது'ங்குறாரு."

ஆறு கட்டிலில் இரண்டு காலியாக இருந்தன. அது அவர்கள் நின்ற இடத்திலிருந்தே தெரியும். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, கட்டிலைத்தான் பார்த்தாள். நான் அவர்களைப் பார்க்காமல் படியைப் பார்த்துச் சொன்னேன்:

"கூட்டத்துல எழுதிட்டாங்க. நான் ஒண்ணும் செய்ய ஏலாது. எப்புடியாவது துண்டு வாங்கிட்டு வாங்க."

அவன் கெஞ்சவில்லை. "சரிங்க" என்றான். மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டான். இருவரும் மழையில் இறங்கிப் போனார்கள். இத்தனை வருஷத்தில் என்னைத் திட்டிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். அவர்கள் முகம் எதுவும் நினைவில் இல்லை. அந்த "சரிங்க" மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலை பூசை முடிந்து செபமாலை அக்கா நேராக இங்கே வந்தார். முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

"தம்பி, ஒரு புள்ளய நேத்து வெரட்டி விட்டீங்களாமே?"

"வெரட்டலக்கா. துண்டு இல்ல..."

"பஸ் நிக்கிற எடத்துல புருசனோட நனைஞ்சுகிட்டு ஒக்காந்திருந்துச்சு. என் காம்பராவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். எங்க லயத்துலருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்னு தெரியுமா ஒங்களுக்கு? வலி வந்தா யாரு தூக்கிட்டு ஓடுறது? நீங்க வருவீங்களா?"

எனக்கும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது அபூர்வம். "கூட்டத்துல நீங்களும்தானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லலையே. எல்லாரும் சம்மதிச்சுத்தானே எழுதுனேன்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊருல பொறந்தீங்க தம்பி? லயத்துலதானே? காலையில பெரட்டுல நிக்கிறப்ப எவளாச்சும் வாயத் தொறந்து பாத்திருக்கீங்களா? தொர சொல்லுவாரு, கணக்கப்புள்ள புத்தகத்த வச்சுக்கிட்டு எழுதுவாரு, நாங்க நிப்போம். ஒருத்தர் எழுதிக்கிட்டிருக்கிறப்ப பேசுனா, பேசுனவ பேரத்தான் மொதல்ல எழுதுவாங்க. நீங்க பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு என்னயவே பாத்தீங்க. நான் என்னத்தப் பேச?"

என் அம்மாவும் அப்படித்தான் பெரட்டுக்களத்தில் நின்றாள். வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த விடியற்காலை வரிசையில் எத்தனையோ நாள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். அந்த மௌனம் எனக்குத் தெரியாததல்ல. அந்தத் தம்பதி கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மௌனமும் எனக்குத் தெரியும். இரண்டும் ஓர் அறைக்குள் ஒரே மாதிரிதான் கேட்கும் என்பது மட்டும் அன்றுவரை தெரியாமல் இருந்தது.

உங்களுக்கு ஒரு நாள் இப்படி வரும். கூட்டத்தின் தீர்மானம் ஒரு பக்கம், வாசலில் நிற்கும் ஆள் ஒரு பக்கம். தீர்மானத்தைக் காட்டி ஆளை அனுப்பினால் நீங்கள் வெறும் பூட்டு. தீர்மானத்தை மறைத்துவிட்டு ஆளைச் சேர்த்தால், இந்த வீடு உங்கள் சொந்த வீடாகிவிடும். அன்பாகத்தான் செய்திருப்பீர்கள், ஆனாலும் அது சரியில்லை. நான் அன்று என்ன செய்தேன் என்றால், அக்காவோடு லயத்துக்கு ஏறிப்போய், புருஷனை ஊருக்கு அனுப்பிவிட்டு, பாக்கியத்தைக் கூட்டிவந்து ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தேன். பதிவேட்டில் அவள் பேரை எழுதி, பக்கத்தில் "கடிதம் இல்லை. தீர்மானத்தை மீறிச் சேர்த்தது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக ஐயா வீட்டுக்குப் போனேன்.

ஐயா கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டு வருத்தப்பட்டார். பிறகு, "சேத்தது நல்ல காரியம். ஆனா தீர்மானத்த மீறினேன்னு ஏன் எழுதுனே? அந்தக் குறிப்புல 'விசேட சந்தர்ப்பங்கள் தவிர'ன்னு மூணு வார்த்தை உள்ள போட்டுரு. கோட்டுக்கு மேல எடம் இருக்கும். ஒனக்கும் பிரச்சின இல்ல, எனக்கும் பிரச்சின இல்ல" என்றார்.

நல்ல எண்ணத்தோடு சொன்ன வார்த்தை. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் தகுதி உள்ளவர் சொன்ன வார்த்தை. மூன்று வார்த்தை எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நோனாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. முதலாளி புத்தகத்தைத் திறந்ததே கிடையாது. எனக்கு அப்போது அதுதான் உறைத்தது. வாசிக்கத் தெரியாதவர்கள் நம்பி ஒப்புக்கொண்ட எழுத்து அது. அதில் நான் நல்ல வார்த்தையைச் சேர்க்கலாம் என்றால், நாளைக்கு வேறொருவன் கெட்ட வார்த்தையையும் சேர்க்கலாம்.

"இல்லீங்கய்யா" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் இல்லை. "கூட்டத்தக் கூட்டுங்க. நான் எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்."

"நீயா? பேசுவியா?" என்று ஆச்சரியப்பட்டார்.

"பேசுறேங்க" என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் ஏன் சொன்னோம் என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு கூடினோம். மௌனம் முடிந்ததும் எழுந்து நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அந்த ஒழுங்கு எனக்குச் சௌகரியமாக இருந்ததால்தான் எல்லாரும் சம்மதித்ததாக அவசரமாக எழுதிவிட்டேன் என்பதையும் சொன்னேன். பிறகு பேனாவின் மூடியைத் திருகி மூடி, புத்தகத்துக்கு மேல் வைத்து, இரண்டையும் மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினேன்.

"எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் இதத் தொடமாட்டேன்."

முதலாளி சிரித்தார். "அப்ப நாங்க பேசாட்டி?"

"பேசுற வரைக்கும் ஒக்காந்திருக்க வேண்டியதுதான் முதலாளி."

"கடைய வேற தொறக்கணுமே," என்றார். "சரி, நானே சொல்லிடுறேன். அன்னிக்கு நான் தலையாட்டுனது தூக்கத்துல."

நோனா சத்தமாகச் சிரித்துவிட்டார். அப்படித்தான் அந்த அறை கொஞ்சம் தளர்ந்தது. அப்போது பாக்கியம் குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். நாங்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினோம். அவள் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"என்னயப் பத்தித்தான் பேசுறீங்கன்னு தெரியும்" என்றாள். "அனுப்பப் போறீங்கன்னா இப்பவே சொல்லிருங்க. மூணு மணி பஸ்ஸப் புடிச்சாத்தான் இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரலாம். மூட்டய கட்டி வச்சிருக்கேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. பஸ் நேரத்தை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள். ஐயா தலையைக் குனிந்துகொண்டார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணிக்கு இருபது நிமிஷம் இருந்தது. ஒருமனப்படும்வரை பொறுத்திருக்கும் எங்கள் முறைக்கு அந்த இருபது நிமிஷம் போதாது. ஆனால் அவளுக்கு இருந்தது அவ்வளவுதான்.

செபமாலை அக்கா எழுந்தார். கூட்டத்தில் அவர் எழுந்து நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

"நீ ஒக்காரு புள்ள" என்றார் முதலில். பாக்கியம் உட்கார்ந்தாள். பிறகு எங்களைப் பார்த்தார். "எங்க தாத்தா காலத்துல ஒரு தோட்டத்த விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா கங்காணிகிட்ட துண்டு வாங்கணுமாம். அந்தத் துண்டு இல்லாம மனுசன் எங்கயும் போக ஏலாது. அத ஒழிச்சுப்புட்டாங்கன்னு சொல்லித்தான் எங்கள வளத்தாங்க. இந்த வீட்டுல அத மறுபடியும் கொண்டாந்துட்டீங்க. ஐயா, நீங்க கோவிச்சுக்காதீங்க. டாக்டரையாவுக்குப் புடிச்சவளுக்குத் துண்டு கெடைக்கும், புடிக்காதவளுக்குக் கெடைக்காது. வலி அப்புடிப் பாத்தா வருது? வலிக்கு ஏதுங்க துண்டு?"

உட்கார்ந்தார். மறுபடியும் மௌனம். இந்தத் தடவை அது எந்த மௌனம் என்று எனக்குத் தெரிந்தது.

நோனாதான் அடுத்துப் பேசினார். அவருடைய தமிழில் சிங்களம் கொஞ்சம் கலந்திருக்கும். "அனே, கடுதாசி என்னாத்துக்கு? நா கிட்டத்தான இருக்குறது. தெனம் காலையில வந்து வயித்தத் தொட்டுப் பாக்குறேன். நாள் கிட்டவா, தூரமா, பொய்யா, எனக்கு ஒரு நிமிசம் போதும்." முதலாளி, ஒரு பெண்ணோடு துணைக்கு ஓர் ஆள் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். நெரிசலுக்கு அவ்வளவுதான் மருந்து. முதல் கூட்டத்திலேயே கேட்டிருந்தால் அன்றே கிடைத்திருக்கும்.

ஐயா கடைசியாகத்தான் பேசினார். "பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் மொதல்ல பேசியே பழகிட்டேன்" என்றார். "இனிமே இந்த அறையில நான் கடைசியாப் பேசுறேன். அதையும் எழுதிக்க தம்பி." பாக்கியத்தின் பக்கம் திரும்பி, "மூட்டையப் பிரிச்சு வைம்மா" என்றார்.

அதன் பிறகே பேனாவை எடுத்தேன். பழைய குறிப்பை அடிக்கவில்லை, திருத்தவில்லை. தவறாக ஒருமனப்பட்டதும் நாம் செய்ததுதான், அது அப்படியே இருக்க வேண்டும். அதற்கு அடுத்த பக்கத்தைப் பாருங்கள். "கடிதம் கேட்பதை இன்றோடு நிறுத்துகிறோம். வருகிறவளை முதலில் உட்காரச் சொல்வோம், பிறகு விசாரிப்போம். சென்ற தீர்மானத்தின்போது எல்லாருடைய மனதும் கேட்கப்படவில்லை." அக்காவின் கடைசிக் கேள்வியை அவர் சொன்னபடியே கீழே எழுதியிருக்கிறேன். வாசித்துக் காட்டினேன். "நான் சொன்னது மாதிரியே இருக்கே!" என்று அக்கா வெட்கப்பட்டார். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அந்தத் தீர்மானத்தால் யாருக்கு அதிகக் கஷ்டம் வருமோ, அவர் வாயால் ஒரு வார்த்தையாவது வராமல் பேனாவைத் திறப்பதில்லை. நீங்களும் திறக்காதீர்கள். நேரம் ஆகும். முதலாளிமார் கடையை நினைத்துக்கொண்டு நெளிவார்கள். ஆகட்டும்.

ஒன்பது நாள் கழித்து ஒரு காலைநேரம் பாக்கியம் நோனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாள். பெண் பிள்ளை. நல்ல குரல், இந்த வீட்டுக்கு வந்த பிறகு அக்கம்பக்கம் யாரையும் தூங்கவிடவில்லை.

சில மாதம் போய், இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார்க் கோச்சி, அதாவது ரயில், பிடிக்க ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவளும் புருஷனும் பிள்ளையோடு இங்கே இறங்கினார்கள். அவன் அன்றைக்கு நின்ற அதே படியில் நின்றான்.

"உள்ள வாங்க" என்றேன்.

"நேரமில்லீங்க. ஒரு உதவி." அவன் தயங்கினான். பாக்கியம்தான் சொன்னாள்: "அங்கிட்டுப் போனா இவ எங்க பொறந்தான்னு கேப்பாங்களாம். சர்க்கார் பத்திரம் இருக்கு. ஆனா இந்த வீட்டுலருந்தும் ஒரு துண்டு எழுதிக் குடுங்க. இவ பெரிசானா காட்டுவேன்."

என்னைக் கேலி செய்கிறாளா என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது, கோச்சிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில், யாரையும் கேட்காமல் வீட்டின் பேரால் ஒரு துண்டு கொடுத்துவிட்டேன் என்று எழுந்து சொன்னேன்.

"என்ன எழுதுனீங்க? படிங்க" என்றார் செபமாலை அக்கா.

பிரதி எடுத்து வைத்திருந்தேன், வாசித்தேன்:

"இந்தப் பிள்ளையின் தாய் டிக்கோயாவில் எங்கள் வீட்டில் இருந்தாள். அவளிடம் ஒருநாள் துண்டு கேட்டோம். அது எங்கள் தவறு."

யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, ஒவ்வொருவரையும் கேட்டு, பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.